படத்துடன் வந்தவள்

ஓல்மா நாட்டில் வேலை கொடுப்பது விண்ணப்பிக்கிறவருக்கு அல்ல, விண்ணப்பத்தில் ஒட்டியிருக்கும் படத்துக்கு. படமும் ஆளும் ஒன்றுபோல இருந்தால் இருவரையும் ஒருவராகவே எடுத்துக்கொள்கிறார்கள். ஒன்றுபோல இல்லாவிட்டால் படம்தான் ஊழியர்; ஆள் அதற்கு உடன்வருபவர். போன செப்டம்பரில் என் படத்துக்கு அங்கே ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆங்கில ஆசிரியை வேலை கிடைத்தது. நான் அதனுடன் போனேன்.

அந்தப் படத்தைக் கோவில்பட்டியில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள ஸ்டுடியோவில் எடுத்தோம். நான் சுடிதாரில்தான் உட்கார்ந்தேன். கோட்டு கம்ப்யூட்டரில் இருந்தது. எங்கள் ஊரிலிருந்து வெளிநாடு போன எல்லாரும் அந்த ஒரே கோட்டில்தான் போயிருக்கிறார்கள்.

"வெளிநாட்டுக்கா தங்கச்சி? அப்போ கலர ரெண்டு பாயிண்டு தூக்கிருவோம்" என்றார் ஸ்டுடியோ மாரிக்கண்ணன் அண்ணன். திரையில் என் முகம் வெளுத்தது.

"அந்த மச்சத்தையும் எடுத்துருங்க தம்பி. பாக்கிறவங்களுக்கு அழுக்கு மாதிரி தெரியும்" என்றாள் அம்மா.

"கன்னம்?"

"அதையும் லேசா உள்ள தள்ளிருங்க."

வெளியாள் முன்னால் எனக்குப் பேச்சு வராது. மவுஸ் என் கன்னத்தின் மேல் போய்வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டுப் பிரதிகள் அச்சாகி வந்ததும் அம்மா ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இப்பத்தான்ட்டி நீ உன்னிய மாதிரி இருக்கே" என்றாள்.

ஓல்மா விமான நிலையத்தில் அதிகாரி அந்தப் படத்தை என் முகத்துக்குப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்து "நல்வரவு" என்றார். வேலை அனுமதி முத்திரையை அதன் தாளில் குத்தினார். என்னிடம், "நீங்கள் இவருக்கு என்ன உறவு?" என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். "ஒரே ஊர்" என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார்.

பள்ளியின் தலைமையாசிரியை திருமதி கெஸ்டில் படத்தைப் பெரிதாக்கிச் சட்டமிட்டு வைத்திருந்தார். ஆசிரியர் நாற்காலியில் அதை நிறுத்தினார். உடன்வருபவருக்கான விதிகளை எனக்கு வாசித்துக் காட்டினார். நாற்காலியில் உட்காரக் கூடாது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடக் கூடாது. பாடம் நடத்தலாம், நடத்தியே ஆக வேண்டும், ஏனென்றால் புதிய ஆசிரியைக்கு மொழி இன்னும் பழகவில்லை.

காலையில் இருபத்திரண்டு குழந்தைகளும் எழுந்து நின்று படத்துக்கு வணக்கம் சொல்வார்கள். நான் ஓரமாக நின்று சாக்பீஸை எடுப்பேன். மாலையில் படத்தைப் பையில் வைத்து, ஆசிரியைக்கு ஒதுக்கிய வீட்டுக்குத் தூக்கிப்போவேன். கட்டில் அதற்கு. செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு மடக்குக் கட்டில். நவம்பரில் பனி விழுந்ததும் திருமதி கெஸ்டில் நேரில் வந்து, படத்துக்குப் போர்வை போதுமா என்று விசாரித்தார். என் கால்கள் விறைத்திருந்தன. எனக்குக் கோபம் வந்தால் காது மட்டும் சூடாகும். வெளியே ஒன்றும் தெரியாது. அன்றைக்குக் காதாவது சூடாக இருந்தது.

அந்தப் பள்ளியில் இன்னொரு தமிழரும் இருந்தார். நாகர்கோவில்காரர், கணக்கு வாத்தியார், பெயர் ஜெபசிங். அவரும் அவருடைய படமும் ஒன்றேதான் என்று முதல் நாளே ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

"எனக்கு ஆதார்ல புடிச்ச படம் மக்ளே. கண்ணு ரெண்டும் ரெண்டு பக்கம் பாக்கும். எங்கம்மைக்கே அடையாளம் தெரியல. ஆனா இங்க வந்து எறங்குனதும், நீரேதான்னு சொல்லிட்டானுவ" என்றார்.

"நான் என்ன செய்யணும் அண்ணாச்சி?"

"வெளிய வெயில்ல அலையாத. சாப்பாட்டக் கொற. ரெண்டு வருசத்துல படத்துக்குப் பக்கத்துல வந்துருவ. போன தடவ வந்த ஒரு பிள்ள அப்பிடித்தான் வந்து சேந்துச்சு."

"படம் என் பக்கத்துல வரக் கூடாதா?"

"அது எதுக்கு வரணும்? அதுக்குத்தான் வேல கெடச்சாச்சே" என்றார். அவர் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

என் வகுப்பில் தில்கா என்று ஒரு சிறுமி இருந்தாள். எட்டு வயது. மேல்வரிசையில் முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் நகர்ந்துவிடுவதாகச் சொல்வாள். இரண்டு வருடமாக ஒரு சொல்லும் வாசிக்காதவள். நான் அவளைத் தினமும் கடைசி மணியில் கரும்பலகைக்கு அழைத்து, விரலைத் தண்ணீரில் நனைத்து ஒரே ஒரு எழுத்தைப் போடச் சொல்வேன். அது காய்ந்து மறைவதற்குள் அவள் அதன் பெயரைச் சொல்ல வேண்டும். ஓடப் பார்க்கிற எழுத்தைப் பிடிப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. ஜனவரி கடைசியில், சந்தைக்குப் போன வாத்து ஒன்றைப் பற்றி ஒரு முழுப் பக்கத்தை நிறுத்தாமல் வாசித்தாள்.

மறுநாள் அவளுடைய அம்மா பெரிய கேக் ஒன்றைக் கொண்டுவந்தார். நேராக நாற்காலிக்குப் போய்ப் படத்தின் முன் வைத்தார். சட்டத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார். "என் மகளை மீட்டுக் கொடுத்தீர்கள்" என்றார். நான் கையில் சாக்பீஸுடன் நின்றேன். போகும்போது என் பக்கம் திரும்பி, "நீங்களும் இவரை நன்றாகத் தூக்கி வருகிறீர்கள்" என்று பாராட்டினார்.

அன்று மதியம் நான் தலைமையாசிரியையின் அறைக்குப் போனேன். "தில்காவுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தது நான். மூன்றாம் வகுப்பின் ஆசிரியை நான்" என்றேன். அந்த நாட்டுக்காரர் ஒருவரிடம், கேட்காமலே எனக்காக நான் பேசிய முதல் வாக்கியங்கள் அவை.

திருமதி கெஸ்டில் கோப்பைப் புரட்டினார். "அப்படிப் பதிவு இல்லையே" என்றார். "ஏப்ரலில் ஆய்வாளர் வருகிறார். இந்த வகுப்புக்கு ஒருவரை நிரந்தரமாக்குவார். நீங்கள் இருவரும் அவர் முன் பாடம் நடத்துங்கள். அவர் தேர்ந்தெடுக்கிறவர் இருப்பார், மற்றவர் போவார்."

எனக்கு அது நியாயமாகத் தோன்றியது. இரண்டு மாதம் நன்றாகத் தூங்கினேன்.

ஆய்வாளர் மெலிந்த மனிதர். கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். முதலில் நான் நாற்பது நிமிடம் நடத்தினேன். மழையைப் பற்றிய பாடம். குழந்தைகள் மேசையில் விரலால் தட்டி மழையைக் கொண்டுவந்தார்கள். ஒருவன் இடியானான். தில்கா எழுந்து ஒரு பத்தி வாசித்தாள். பிறகு நான் வெளியே அனுப்பப்பட்டேன். படம் நாற்பது நிமிடம் நடத்தியது. கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு குழந்தை ஒருமுறை இருமியது. வேறொன்றும் நடக்கவில்லை.

அறிக்கையை ஆசிரியர் கூட்டத்தில் வாசித்தார்கள். என்னைப் பற்றி: "சத்தம். மூன்று குழந்தைகள் ஒரே நேரத்தில் பேசினார்கள். உடன்வருபவரின் உடையில் சாக்பீஸ் தூள்." படத்தைப் பற்றி: "பார்வையாலேயே வகுப்பைக் கட்டுப்படுத்துகிறார். குழந்தைகளைத் தாமாகச் சிந்திக்க விடுகிறார். அவசரமில்லை. தோற்றம் மிக நன்று."

படம் நிரந்தரமானது. நிரந்தர ஊழியர்களைத் தூக்கிவர ஆள் தேவையில்லை என்பதால் வரும் வெள்ளிக்கிழமை நண்பகலுடன் என் அனுமதி முடியும் என்றார்கள்.

நான் ஆட்சேப மனு எழுதினேன். மனுவில் படம் ஒட்ட வேண்டும் என்றார்கள். ரயில் நிலையத்தில் காசு போட்டால் படமெடுக்கும் கூண்டு ஒன்று உண்டு. அதில் போய் உட்கார்ந்தேன். கன்னம், மச்சம், நிறம் எல்லாம் இருக்கிறபடி வந்தன. அந்த முகத்தில் கோபம் தெரிந்தது. நன்றாகவே இருந்தேன்.

திருமதி கெஸ்டில் புதிய படத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். "பொருந்துகிறது. சந்தேகமே இல்லை" என்றார். "ஆனால் இந்த முகம் உடையவர் எங்கள் பள்ளியில் பாடம் நடத்தியதே இல்லை. நடத்தாதவர் எப்படி ஆட்சேபிப்பது?" மனுவை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"சவத்தக் கிழிச்சுத் தூரப் போட்டுட்டுப் போ மக்ளே" என்றார் ஜெபசிங், நாற்காலியில் இருந்த படத்தைக் காட்டி. அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

"நிரந்தர ஊழியர் அண்ணாச்சி. கொலைக் கேஸாயிரும்" என்றேன்.

"ஆமா. அதுவும் செரிதான்."

புதன்கிழமை ஒரு சுற்றறிக்கை வந்தது. மூன்றாம் வகுப்பின் அமைதி ஆய்வாளருக்கு மிகவும் பிடித்துவிட்டதால், மாணவர்களையும் சேர்க்கைப் படத்துடன் ஒப்பிடச் சொல்லியிருந்தார். அந்தப் படங்கள் மூன்று வருடத்துக்கு முன் எடுத்தவை. எல்லாருமே வளர்ந்திருந்தார்கள். ஒருவரும் பொருந்தவில்லை. மதியத்துக்குள் இருபத்திரண்டு சட்டங்களைச் செய்து பெஞ்சுகளில் வரிசையாக நிறுத்தினார்கள். பெற்றோர்கள் வந்து பார்த்தார்கள். தில்காவின் படத்தில் பற்கள் எல்லாம் இருந்தன. அவளுடைய அம்மாவுக்குத் திருப்தி.

குழந்தைகள் ஒவ்வொருவராகப் பையுடன் தாழ்வாரத்துக்கு வந்தார்கள்.

"டீச்சர், நான் எனக்கு உடன்வருபவராம்" என்றாள் தில்கா.

"தெரியும்மா."

"இனிமேல் நான் உட்காரக் கூடாதாம்."

"இங்கே நாற்காலியே இல்லை. தரையில் உட்கார்" என்றேன்.

வியாழன் முழுவதும் தாழ்வாரத்தில் பாடம் நடந்தது. உள்ளே படம் படங்களுக்கு நடத்திக்கொண்டிருந்தது. எங்கள் சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று திருமதி கெஸ்டில் இரண்டுமுறை வந்து கதவைச் சாத்தினார். இரண்டு தடவையும் நான் குரலை இன்னும் உயர்த்தினேன்.

உடன்வருபவர்கள் எல்லாருக்கும் ஒரே விதி என்பதால் வெள்ளிக்கிழமை நண்பகலுடன் குழந்தைகளின் அனுமதியும் முடிந்தது. அவர்களும் என்னுடனேயே நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. விமான நிலையத்துக்குப் பெற்றோர்கள் அதிகம் வரவில்லை. பன்னிரண்டரைக்குப் பள்ளிக்குப் போய்ப் படங்களை வீட்டுக்கு அழைத்துவர வேண்டியிருந்தது. தில்காவின் அம்மா மட்டும் ஒரு ஸ்வெட்டருடன் வந்தார்.

"உங்கள் ஊரில் குளிருமா?" என்று கேட்டார்.

"இல்லை. சித்திரை மாதம். கொதிக்கும்."

"அப்படியென்றால் இதைப் படத்துக்குப் போட்டுவிடுகிறேன்" என்று ஸ்வெட்டரைத் திரும்பக் கொண்டுபோனார். தில்கா கையசைத்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இதை நான் மன்னிப்பதாக இல்லை.

வெளியேறும் வாயிலில் இருந்த அதிகாரி வரிசையைப் பார்த்தார். "இவர்களுக்கு யார் பொறுப்பு?"

"நான். இவர்களுடைய ஆசிரியை" என்றேன்.

அவர் படம் எதுவும் கேட்கவில்லை. போகிறவர்களிடம் அதெல்லாம் கேட்பதில்லையாம். பெயர்ப் பட்டியலை நீட்டி, ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் கையெழுத்துப் போடச் சொன்னார். செண்பகவல்லி, செண்பகவல்லி என்று தமிழில் இருபத்திரண்டு தடவை, சுருக்காமல் முழுதாகப் போட்டேன்.

இரண்டு விமானம் மாறி மதுரையில் இறங்கினோம். அம்மா வெளியே காத்திருந்தாள். முதலில் என் பைகளைப் பார்த்தாள்.

"படம் எங்கட்டி?"

"அங்கேயே வேல நிரந்தரமாயிருச்சும்மா."

"நல்லா இருக்கட்டும். வாரத்துக்கு ஒருக்காவாவது போன் பண்ணச் சொன்னியா?"

என் காது சூடானது. அம்மா எனக்குப் பின்னால் நின்ற வரிசையை விரல் நீட்டி எண்ணினாள். நடுவில் குழம்பி மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள்.

"ரெண்டு வேன் சொல்லணும்" என்றாள். "இதுல எத்தன பிள்ளைகளுக்குக் காரம் ஆகாது? கேளு."

கேட்டேன். பத்தொன்பது கைகள் உயர்ந்தன. அம்மா வீட்டுக்குப் போன் செய்து, பத்தொன்பது பேருக்கு மிளகாய் போடாமல் தனியாகத் தாளிக்கச் சொன்னாள்.