நாத்தனாருக்காக ஊதியது

சாக்குக் கொட்டகைக்கு மணி கிடையாது. வெண்கலம் இருக்கும்போது மணிக்கு ஏன் தண்டச்செலவு என்று முதலாளியே சொல்லிவிட்டார். மதியச் சாப்பாட்டு நேரம் வந்ததும் வெண்கலம் என்கிறவள் கம்பைக் கீழே போட்டு, எழுந்து நின்று, இடுப்பில் கை வைத்து, சாப்பிட வாங்கடீ என்று ஒரு குரல் கொடுப்பாள். அத்தனை பெண்கள் தடதடவென்று சாக்கு தட்டுகிற சத்தத்தையும் தாண்டி அந்தக் குரல் பின்பக்கம் லாரியில் கட்டு ஏற்றுகிறவர்கள் வரைக்கும் போகும். வெண்கலத் தொண்டை என்று எவளோ ஒருத்தி வைத்த பேர் தேய்ந்து வெண்கலம் ஆயிற்று. கட்டின புருஷனும் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுகிறான்.

இந்த ஆறேழு மாதமாக அவள் குரல் கொடுப்பதில்லை. காலி பெயிண்ட் டப்பாவைக் கம்பால் நாலு தட்டுத் தட்டுகிறாள், அவ்வளவுதான். ஏனென்று கேட்டவளுக்கு, கத்துவதற்குத் தனியாகச் சம்பளம் போட்டுத் தருவாயா என்று பதில் கிடைத்தது. அவளுக்குக் கொழுப்பு ஜாஸ்தி என்பது கொட்டகைக்கே தெரிந்த விஷயம், ஆகவே யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

வேலை இதுதான். கட்டடம் எழும்புகிற இடங்களில் காலியாகிற சிமெண்டுச் சாக்குகள் வண்டி வண்டியாக வந்து இறங்கும். பெண்கள் வரிசையாகக் குந்திக்கொண்டு, சாக்கின் உள்பக்கத்தை வெளியே புரட்டி, கம்பால் அடிக்க வேண்டும். ஒட்டியிருக்கிற தூள் உதிரும். சாக்கும் விலைக்குப் போகும், உதிர்ந்த தூளைச் சலித்தால் அதுவும் விலைக்குப் போகும். முதலாளிக்கு நஷ்டம் என்று பார்த்தால் இவர்கள் மூக்குக்குள் போகிற தூள் ஒன்றுதான். மூக்கில் கட்டுகிற துணி காலையில் துணியாக இருக்கும், சாயங்காலம் அட்டையாக விறைத்திருக்கும். புதிதாக வருகிறவள் முதல் நாள் முகத்தில் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு புருவத்தைக் கல்லாக்கிக்கொள்வாள். உதறிவிட்டுத்தான் தண்ணீர் என்று அப்புறம் ஒருத்தி சொல்லிக் கொடுப்பாள்.

சின்னவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது வெண்கலம். சின்னவள் அவளுடைய நாத்தனார், புருஷனின் ஒரே தங்கை. கட்டியவன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட, அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்தவள். வீட்டில் உட்கார்ந்து அழுதால் ஆயிற்றா, என்னோடு வா என்று கையைப் பிடித்து இந்தக் கொட்டகைக்குக் கூட்டி வந்ததும் வெண்கலம்தான். அந்த எண்ணம் இப்போதெல்லாம் சோற்றில் கல் மாதிரி அவள் பல்லில் பட்டுக்கொண்டே இருந்தது.

ஏனென்றால் சின்னவள் இருமினாள். சாதாரண இருமல் இல்லை. ஒரு குடம் தண்ணீரைத் தூக்கி உள்ளே வைப்பதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தபடியே தூங்கினாள். காரணம் சொல்வதற்கு மட்டும் ஆள் பஞ்சமில்லை. ஈரத்தலையோடு படுக்கிறாள் என்றான் அண்ணன்காரன். மனக்கவலை என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. குளிர்ந்த தண்ணீர் குடிக்கிறாள், காற்றாடிக்கு நேரே படுக்கிறாள், தெருவில் குப்பை கொளுத்துகிறார்கள் என்று ஆளுக்கொன்று. மருந்துக் கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு நிறத்தில் இருமல் மருந்து கொடுத்தார். மேஸ்திரியோ, சிமெண்டு சுத்தமான பொருள், அதில்தானே வீடே கட்டுகிறோம் என்றார். வெண்கலத்துக்கு வயிறு எரிந்தது. நாள் முழுக்கச் சாம்பல் பூசின மாதிரி உட்கார்ந்திருக்கிறவளைக் கண்ணால் பார்த்துக்கொண்டே ஈரத்தலை என்கிறார்களே, இவர்களை என்ன செய்வது?

கொட்டகையில் இருமாமல் பிழைக்க ஒரே ஓர் இடம் இருந்தது. வாசலில், மரத்தடியில், தையல் வரிசை. கிழிந்த சாக்குகளைத் தைக்கிற வேலை. அதே கூலி, நல்ல காற்று. சின்னவளை அங்கே மாற்றுங்கள் என்று வெண்கலம் கேட்காத நாளில்லை. கெஞ்சிப் பார்த்தாள், சண்டை போட்டும் பார்த்தாள். மேஸ்திரி முதல் தடவை கேட்ட அன்றே ஒன்றைச் சொல்லிவிட்டார்.

“போன வருஷம் ஊதிப் பார்த்தாங்களே, மறந்துட்டியா? இந்தக் கொட்டகையிலயே உன் நாத்தனாருக்குத்தான் முதல் மூச்சு. அவளைப் போய் வெளியில உட்கார வைக்கச் சொல்றியே.”

வெண்கலம் வாயடைத்து நின்றதை மேஸ்திரி அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தார்.

நடந்தது என்னவென்றால், போன வருஷம் ஒரு மருத்துவ முகாம் வந்தது. ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஊதிப் பார்க்கிற பிளாஸ்டிக் குழாய். வாயில் வைத்து ஒரே மூச்சில் ஊதினால் உள்ளே ஒரு முள் நகரும். பச்சைக் கோட்டில் நின்றால் நல்ல மூச்சு, மஞ்சள் என்றால் சுமார், சிவப்பு என்றால் மோசம். முகாமுக்கு முந்தின நாளே மேஸ்திரி, மூச்சு இல்லாதவர்களை வைத்துக்கொண்டு நான் மாரடிக்க முடியாது என்று பொதுவில் சொல்லி வைத்தார். விளையாட்டாகச் சொன்னாரோ வினையாகச் சொன்னாரோ, கொட்டகையே அதை நிஜமென்று எடுத்துக்கொண்டது. சிவப்பில் நின்றவளுக்கு மறுநாள் வேலை இல்லை என்று பேச்சு கிளம்பியது. அப்போதே லேசாக இருமிக்கொண்டிருந்த சின்னவள் ராத்திரி பூராவும் அழுதாள்.

இதுக்குப் போய் அழுவாங்களா, நான் ஊதுறேன் என்றாள் வெண்கலம். செய்தும் காட்டினாள். வேலை நடுவில் கூப்பிட்டதால் எல்லோரும் தலையோடு துண்டு சுற்றி, கண்ணிமை வரைக்கும் சாம்பல் நிறத்தில் போனார்கள். யார் யாரென்று பெற்ற தாய்க்கே தெரியாது. நர்ஸ் எண்ணைக் கூப்பிட்டாள், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வெண்கலம் துண்டை மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு, பயந்து நடுங்கின நாலைந்து பேருக்காகப் போய் ஊதிவிட்டு வந்தாள். நர்ஸ் கண்ணில் மண்ணைத் தூவினாள் என்று சொல்லலாம், சிமெண்டைத் தூவினாள் என்பது இன்னும் சரி. முதலில் போனது சின்னவளுடைய எண்ணுக்கு. நம் வீட்டுப் பெண் ஆயிற்றே, யாருக்கும் குறையக் கூடாது என்று அடிவயிற்றிலிருந்து இழுத்து ஊதினாள். முள் பச்சையின் உச்சியில் போய் இடித்துக்கொண்டு நின்றது. எல்லோருக்கும் ஊதி முடித்துத் தன் எண் வந்தபோது அவளிடம் மிச்சம் எதுவும் இல்லை. மஞ்சளில் நின்றது. அதனால் என்ன, என் சத்தத்தைக் கேட்டவன் எவனும் என்னை வீட்டுக்கு அனுப்ப மாட்டான் என்று சிரித்துக்கொண்டே வந்தாள். யாரையும் வேலையை விட்டு அனுப்பவும் இல்லை.

இந்த வருஷம் முகாம் மறுபடி வந்தது, கூடவே ஒரு செய்தியும் வந்தது. எங்கிருந்தோ முதலாளிக்கு உத்தரவாம். மூச்சு குறைந்து சிவப்பில் நிற்கிறவர்களைத் தையல் வரிசைக்கு மாற்றியாக வேண்டுமாம், கூலியும் குறைக்கக் கூடாதாம். வெண்கலத்துக்குச் சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உள்ளபடி ஊது, அது போதும் என்று சின்னவளுக்கு வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

இந்தத் தடவை ஆள் மாறாட்டம் நடக்காது. முகத்தை உதறிக் கழுவிவிட்டுத்தான் வர வேண்டும் என்றார் டாக்டர். போன வருஷம் வந்த அதே டாக்டர்தான், சின்ன வயசு, நல்ல மாதிரி. ஆனால் சின்னவள் முறை வருவதற்குள்ளேயே அவர் பொறுமை தீர்ந்திருந்தது. நன்றாக இருக்கிற இரண்டு மூன்று பேர் மரத்தடி ஆசையில் உதட்டால் புஸ்ஸென்று ஊதிவிட்டு மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

சின்னவள் ஊதினாள். முள் கிளம்பினதும் நின்றுவிட்டது, சிவப்பு. இன்னொரு தடவை ஊதச் சொன்னார். அதே சிவப்பு. அவர் போன வருஷத்து அட்டையைப் புரட்டினார், சின்னவளைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார்.

“போன வருஷம் உன்னை மாதிரி இங்க யாருமே ஊதல. தூசியால மூச்சு கெடும்தான், ஆனா கொஞ்சம் கொஞ்சமாத்தான் இறங்கும். ஒரே வருஷத்துல உச்சியிலேர்ந்து இங்க வராதும்மா. நீயும் நடிக்காதே.”

தையல் வரிசைன்னதும் எல்லாருக்கும் மூச்சு திணறுது டாக்டர் என்று மேஸ்திரி எடுத்துக் கொடுத்தார். சின்னவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள், இருமல் வந்தது. அதையும் நடிப்பு என்றுதான் நினைத்திருப்பார்கள்.

வெண்கலம் வரிசையைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“அது அவ ஊதினது இல்ல டாக்டர். நான் ஊதினது.”

பின்னால் நின்றவர்களில் நாலைந்து பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். தங்கள் பேரும் வெளியே வருமோ என்ற பயம். வெண்கலம் அவர்களைக் காட்டிக் கொடுக்கவில்லை. சின்னவளின் எண்ணைக் கூப்பிட்டபோது துண்டை மாற்றிக் கட்டிக்கொண்டு தான் வந்ததை மட்டும் சொன்னாள். தப்புதான், என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், இவளை வெளியே உட்கார வையுங்கள் என்றாள்.

டாக்டர் கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுக் குழாயை அவளிடம் நீட்டினார்.

“சரி, ஊதிக் காட்டுங்க. போன வருஷம் நின்ன இடத்துக்குப் பக்கத்துல வந்தாக்கூட போதும். நம்புறேன். இன்னைக்கே இவங்களைத் தையலுக்கு எழுதிடறேன்.”

இவ்வளவுதானா என்று இருந்தது வெண்கலத்துக்கு. தள்ளி நில்லுடி என்று சின்னவளிடம் சொல்லிவிட்டு, காலை அகட்டி வைத்து, அடிவயிற்றிலிருந்து இழுத்தாள். பாதியிலேயே உள்ளே எதுவோ அடைத்தது. இருந்ததை வைத்து ஊதினாள். முள் மஞ்சளின் அடியில் நின்றது.

குழாயில் என்னவோ கோளாறு என்றாள். நர்ஸ் வேறு குழாய் கொடுத்தாள். மஞ்சளின் அடி. வாய் சரியாக வைக்கவில்லை என்றாள். மறுபடி இழுத்தாள், நெஞ்சு விசில் மாதிரி கீச்சிட்டது, கண்ணில் தண்ணீர் வந்தது. முள் முன்னைவிடக் கீழேயே நின்றுவிட்டது. அந்தக் குழாயைத் தரையில் போட்டு மிதிக்க வேண்டும் போல அவளுக்கு ஆத்திரம் வந்தது. யார் மேல் ஆத்திரம் என்று புரியவில்லை.

டாக்டர் அவளுடைய அட்டையையும் எடுத்துப் பார்த்தார்.

“உங்க அட்டையில போன வருஷமும் மஞ்சள்தாம்மா. இந்த வருஷமும் மஞ்சள். நீங்க எப்படி அந்த உச்சிக்கு ஊதியிருக்க முடியும்?”

எல்லோருக்கும் ஊதிவிட்டுக் கடைசியில் ஊதியதால்தான் மஞ்சள் என்று சொல்ல வேண்டும். சொல்ல ஆரம்பித்தாள். இருமல் விடவில்லை. முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு இருமினாள். ஒரு வார்த்தை வந்தால் ஒன்பது இருமல் வந்தது. அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் வரிசை காத்திருக்கவில்லை. மேஸ்திரி சிரித்தார். கெட்ட சிரிப்புகூட இல்லை. நாத்தனாருக்காகப் பொய் சொல்கிற அண்ணியை இந்தக் காலத்தில் எங்கே பார்க்க முடியும், நல்ல மனசு என்றார். டாக்டரும் லேசாகச் சிரித்து, இரண்டு அட்டையிலும் எதையோ எழுதி நர்ஸிடம் கொடுத்துவிட்டு, அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்.

இரண்டு பேரும் திரும்பி வந்து பழைய இடத்தில் குந்தினார்கள். வெண்கலம் ஒரு சாக்கை இழுத்துப் புரட்டி, எவனையோ அடிக்கிற மாதிரி அடித்தாள். தூள் எழும்பி இரண்டு பேர் மேலும் இறங்கியது. சின்னவள் இரண்டு சாக்கைத் தட்டி முடித்தாள். அப்புறம் துணிக்குள்ளிருந்து கேட்டாள்.

“அண்ணி, மத்தவங்களுக்கு ஊதினதும் வெளிய வந்து அவங்க மாட்டிப்பாங்கன்னு வேணும்னே மெதுவா ஊதினீங்களா?”

வெண்கலத்துக்கு அழுகை வந்தது. டாக்டர் நம்பவில்லை, மேஸ்திரி நம்பவில்லை, போகட்டும், இவளுமா? ஏண்டி, உனக்காக ஊதாத மூச்சை வேறு யாருக்கடி ஊதப் போகிறேன் என்று கேட்க நினைத்தாள். கம்பைக் கீழே போட்டாள்.

சாப்பாட்டு நேரம் ஆகியிருந்தது. பெயிண்ட் டப்பா காலடியில் கிடந்தது. அதைக் காலால் தள்ளிவிட்டு எழுந்து நின்று, மூக்குத்துணியை அவிழ்த்து, இடுப்பில் கை வைத்துக் குரல் கொடுத்தாள்.

“சாப்பிட வாங்கடீ.”

யாரும் கம்பை நிறுத்தவில்லை. எதிர் வரிசையில் இருந்தவள்கூட நிமிரவில்லை. இன்னொரு தடவை கொடுத்தாள். காற்றுத்தான் வந்தது. தடதடவென்ற சத்தம் அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. லாரிப் பக்கமிருந்து யாரோ, இன்னைக்குச் சாப்பாட்டுக்குக் கூப்பிட மாட்டாளா என்று அலுத்துக்கொண்டான்.

சின்னவள் மட்டும் கம்பை நிறுத்திவிட்டு அண்ணியை நிமிர்ந்து பார்த்தாள். எழுந்து வந்து டப்பாவை எடுத்து, அதை அடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

“எத்தனை நாளா அண்ணி?”

“தட்டுடி,” என்றாள் வெண்கலம். “பசிக்குதுல்ல எல்லாருக்கும்.”