பச்சைப் புள்ளி

விடுதியில் அவளுக்கு உளவுத்துறை என்று பெயர். சும்மா வந்த பெயரில்லை. மடிக்கணினியின் கேமராக் கண்ணில் காயத்துக்குப் போடும் பிளாஸ்டரை ஒட்டி வைத்திருப்பாள். சாப்பாட்டுக் கூடத்துக்கு இலவச வைஃபை வந்த அன்று எல்லோரும் முண்டியடித்துக்கொண்டு ஓட, இவள் மட்டும் "சும்மா குடுக்கறாங்களா? எதுக்கு?" என்று மூக்கைச் சுருக்கினாள். மழை வருமா வராதா என்று சொல்கிற செயலிக்கு என் தோழிகளின் எண்கள் எதற்கு என்று கேட்டு, அந்த நிறுவனத்துக்கே கடிதம் எழுதினாள். பதில் வந்தது. அதையும் அவள் திறக்கவில்லை. உள்ளே ஏதோ இணைப்பு இருந்ததாம்.

இந்தச் சந்தேகம் கல்லூரியில் கற்றதல்ல, அம்மா வழிச் சொத்து. அம்மா சாவி வெட்டுகிறவள். கடைவீதியில் ஒரு மாடிப்படிக்கு அடியில், ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத பொந்துதான் கடை. சுவர் முழுக்க வெட்டாத சாவிகள், ஒரு சின்ன மெஷின், நாலைந்து அரம், அவ்வளவுதான். யாராவது ஒரு சாவியை நீட்டி இன்னொன்று வேண்டும் என்றால் அம்மா உடனே கை நீட்டிவிட மாட்டாள்.

"இந்தப் பூட்டுல, சாவி போடற ஓட்டைக்கு மேல ஒரு பச்சைப் புள்ளி இருக்குமே, அது அழிஞ்சு போச்சா?" என்று ஊர்க்கதை பேசுகிற மாதிரி கேட்பாள்.

எந்தப் பூட்டிலும் அப்படியொரு புள்ளி கிடையாது. சொந்தக்காரர் என்றால் திருதிருவென்று விழித்து, "புள்ளியா? நான் பாத்ததே இல்லையேம்மா" என்பார். அடுத்தவர் சாவியை அமுக்கிக்கொண்டு வந்தவன்தான் "ஆமாமா, பாதி அழிஞ்சிடுச்சு" என்று தலையாட்டுவான். அவனுக்கு மட்டும் அன்றைக்கு மெஷின் ரிப்பேர்.

போன விடுமுறையில் மகள் அம்மாவுக்கு வாத்தியாரானாள். அம்மாவிடம் இருந்தது பட்டன் போன். பெரிய போன் வாங்கித் தர மகளுக்கு மனமில்லை, நம்பிக்கையுமில்லை. ஆனாலும் ஓடிபி என்றால் என்ன, அதை ஏன் யாரிடமும் சொல்லக் கூடாது என்று பாடம் நடத்தினாள்.

"ஒரே ஒரு தடவை திறக்கற சாவின்னு சொல்லு," என்றாள் அம்மா.

"அதேதான். நானே போன் பண்ணிக் கேட்டாலும் குடுக்காத. இப்பல்லாம் குரலுக்கும் டூப்ளிகேட் வெட்டறாங்க."

அம்மாவின் அரம் பாதியில் நின்றது. இத்தனை வருடத் தொழிலில் அவள் கேள்விப்படாத டூப்ளிகேட் அது. அப்புறம் இருவருமாக ஒரு ரகசிய வார்த்தை வைத்துக்கொண்டார்கள்: துருப்பிடிச்ச கொக்கி. அதைச் சொன்னால்தான் மகள்.

கல்லூரி திறந்ததும் டிஜிட்டல் எழுத்தறிவு பற்றிக் கட்டுரை கேட்டார்கள். அம்மாவுக்குப் பாடம் நடத்திய கதையை அவள் உருகி உருகி எழுதினாள். முதல் பரிசு. கல்லூரி அதைத் தன் இணையதளத்தில் போட்டது. கூடவே அவள் புகைப்படத்தையும் போட்டுவிட, அலுவலகத்தில் சண்டை போட்டு அதை நீக்க வைத்த பிறகுதான் அவளுக்குத் தூக்கம் வந்தது.

அடுத்த மாதம் ஒரு வியாழக்கிழமை, சாயங்காலம் நாலரை மணி. தேர்வுக்குப் பதிவு செய்யும் கடைசி நாள். ஐந்து மணிக்குத் தளத்தை மூடிவிடுவார்கள். தவறினால் தேர்வு எழுத முடியாது, ஒரு வருடம் போச்சு. அன்று பார்த்து அவளுடைய போன் துணி துவைக்கும் வாளியில் விழுந்து உயிரை விட்டிருந்தது. அறைத்தோழியின் கணினியில் எல்லாக் கட்டங்களையும் நிரப்பி முடித்தபோது, உங்கள் எண்ணுக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்றது தளம். அது அவள் எண்ணல்ல. சேர்க்கையின்போது கல்லூரித் தளத்தை நம்பாமல், தன் எண்ணுக்குப் பதில் அம்மாவின் எண்ணைக் கொடுத்துவிட்டுத் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டவள் அவள்.

தோழியின் போனை வாங்கி அழைத்தாள். "அம்மா, நான்தான். என் போன் தண்ணில விழுந்துடுச்சு, பிரெண்டு போன்லேருந்து பேசறேன். உன் போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், கொஞ்சம் படியேன். அவசரம்மா!"

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. தெரியாத எண், கெட்டுப்போன போன், அவசரம். மோசடிக்காரன் இப்படித்தான் பேசுவான் என்று கட்டுரையில் அவள் எழுதிய வசனம், ஒரு சொல் பிசகாமல்.

"யாருங்க பேசறது?" என்றாள் அம்மா.

"அம்மா! நான்தாம்மா!"

"குரல் அப்படியே எம் பொண்ணு குரல்தாங்க. நல்லாத்தான் வெட்டியிருக்கீங்க."

"ஐயோ... என் முழங்கால்ல தழும்பு இருக்கே, ஏழு வயசுல நம்ம கடை ஷட்டர்ல இடிச்சது!"

"அவ அத ஊரெல்லாம் சொல்லியிருப்பா."

"சரி, துருப்பிடிச்ச கொக்கி! போதுமா?"

மறுமுனையில் அரம் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அம்மா நிதானமாகச் சொன்னாள். "அத எம் பொண்ணு கட்டுரைல எழுதி, காலேஜ்காரங்க உலகத்துக்கே போட்டுக் காட்டிட்டாங்க. பக்கத்து வாட்ச் கடைக்காரர்தான் எனக்கு உரக்கப் படிச்சுக் காட்டினாரு. இப்ப அது ஊர்ச் சாவிங்க."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. படத்தை நீக்கச் சொல்லிச் சண்டை போட்டவளுக்கு, அந்த வார்த்தை கண்ணில் படவே இல்லை.

"அதனாலதான் போன ஞாயித்துக்கிழமை அவ வீட்டுக்கு வந்தப்போ புது வார்த்தை சொல்லிக் குடுத்தேன். அது என்னன்னு சொல்லுங்க, நம்பரைப் படிக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை. சமையலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஏதோ ஒரு செயலியின் நிபந்தனைகளை ஒரு வரி விடாமல் போனில் படித்துக்கொண்டிருந்தாள். அம்மா ஜன்னலோரம் நின்று ஏதோ சொன்னாள். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. இவள் "ம்ம், சரி" என்றாள். அம்மா என்ன சொன்னாள்? ஒரு எழுத்துகூட நினைவில் இல்லை.

மணி நாலு நாற்பத்தெட்டு. "எதையாவது அடிச்சு விடு," என்று தோழி கிசுகிசுத்தாள். அரம் என்று சொல்லிப் பார்க்கலாமா என்று வாயைத் திறந்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"தெரியலம்மா. நீ சொன்ன. நான்தான் போனைப் பாத்துக்கிட்டு இருந்தேன். கேக்கவே இல்ல."

அரம் நின்றது.

"எழுதிக்கடி," என்றாள் அம்மா. "நாலு, ஒண்ணு, மூணு, ஏழு, ரெண்டு, மூணு."

தளம் ஏற்கவில்லை. "சரியாப் பாரும்மா!" என்று கத்தினாள். அம்மா நெடுநேரம் எடுத்துக்கொண்டாள். "மூணு இல்ல போல. எட்டு. ரெண்டும் எட்டு." நாலு ஐம்பத்தாறுக்குப் பச்சை எழுத்தில் பதிவு முடிந்தது என்று வந்தது. தோழி குதித்தாள். இவள் போனைக் காதிலிருந்து எடுக்காமலே கட்டிலில் உட்கார்ந்தாள்.

"சரி, இப்பவாவது சொல்லு. அந்தப் புது வார்த்தை என்ன?"

"அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது," என்று அம்மா சிரித்தாள். "பச்சைப் புள்ளிடி. திருடனா இருந்தா வாய்க்கு வந்தத சொல்லியிருப்பான்."

அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். கடைசியில் தன்னிடமே வேலையைக் காட்டிவிட்டாளே! சிரிப்பு அடங்குவதற்குள் உளவுத்துறை விழித்துக்கொண்டது.

"இல்லியே. ஞாயித்துக்கிழமை நீ என்னவோ சொன்ன. ரெண்டு தடவ சொன்ன. அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

அம்மா சிரிப்பை நிறுத்தினாள். "அது வேற. ரெண்டு கண்ணுலயும் புரை விழுந்திருக்காம். ஆபரேஷன் பண்ணணும், கூட ஒரு ஆள் இருக்கணும்னு டாக்டர் சொன்னாரு. அடுத்த வாரம் வரியான்னு கேட்டேன். சரின்ன. சரின்னுட்டாளேன்னு நானும் விட்டுட்டேன்."

வாட்ச் கடைக்காரர் கட்டுரையை ஏன் உரக்கப் படித்தார், எட்டு ஏன் மூன்றாகத் தெரிந்தது என்று இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மழைச் செயலியைச் சந்தேகப்பட்டவள், கல்லூரியைச் சந்தேகப்பட்டவள், அம்மாவின் கண்ணை ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. தோழி போனுக்காகக் கையை நீட்டினாள். அவள் கொடுக்காமல் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள்.

"அம்மா, டாக்டர் சொன்னத முதல்லேருந்து சொல்லு. நான் கேக்கறேன்."

"இப்பதான் நீ எம் பொண்ணுதானான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு," என்றாள் அம்மா.