சுக்கான் பிடித்தவன் சொல்

கீழைக் கடல் ஓயாது கரை தழுவ, புதுவை நகரின் வெண்சுவர் மாளிகைகள் அந்தி வெயிலில் பொன்னிறம் பூண, தெற்கே அரியாங்குப்பத்து ஆறு கடலொடு கலக்கும் கழிமுகத்து மணற்பரப்பில் மீனவர் குப்பம் முழுதும் கூடியிருந்த வேளை அது. கூட்டம் என்றால் ஆரவாரம் உண்டன்றோ, அன்பரே? அன்று அது இல்லை. நாடெங்கும் வணிகம் நொடிக்க, ஆலைகள் கதவடைக்க, பிடித்த மீனைக் கொள்வாரின்றிப் படகுகள் கரையேறிக் கிடந்தன. வேலையிழந்து திரும்பிய இளைஞர் வீட்டுக்கு ஒருவராவது இருந்தனர்.

அக்குப்பத்தில் பிறந்து தில்லியில் அமைச்சராய் உயர்ந்த கலைவாணன், மறுபடியும் வாக்குக் கேட்டு அங்கே வந்திறங்கினார். கண்டதும் மக்கள் அனைவரும் எழுந்து நின்றனர். மாலைக்கும் மரியாதைக்கும் பழகிய அவர் நெஞ்சு குளிர்ந்தது. அமருமாறு கைகாட்டியும் ஒருவரும் அமரவில்லை. பாசம் மிகுதி போலும் என்றெண்ணிப் பேசத் தொடங்கினார். பதவி வந்தால் கண் தெரியாது என்பார்கள். பிறந்த மண்ணின் வழக்கமும் மறந்துபோகும் போலிருக்கிறது.

உலகச் சந்தையில் வீசிய புயலைச் சொன்னார். அயல்நாட்டுப் போரைச் சொன்னார். முன்பு ஆண்டோர் பிழையைச் சொன்னார். ஒரு நாழிகை கடந்தும், கைக்குழந்தையை இடுப்பிலேந்திய பெண்கள்கூட நின்றபடியே இருந்தனர். முன்வரிசையில் வெறுங்கூடையோடு நின்ற தம் அண்ணன் மனைவி ஆயம்மாவிடம் குனிந்து, "அண்ணி, நீங்களாவது உக்காரக் கூடாதா?" என்றார்.

"எப்பிடி தம்பி குந்துறது? வலையப் பறிகொடுத்துட்டு வந்தா, சுக்கான் புடிச்சவன் தன் தப்ப மொதல்ல சொல்லணும். அப்புறந்தான காத்தப் பத்திப் பேச்சு? அதுவரைக்கும் நாம குந்துறதில்லியே, மறந்துட்டீங்களா?"

கலைவாணனுக்கு அதே மணலில் தம் தந்தை ஒருநாள், பாறை இருப்பதறிந்தும் படகைச் செலுத்தியதாகத் தலைகுனிந்து சொன்னதும், அதன் பின்னரே ஊர் அமர்ந்ததும் நினைவில் எழுந்தன. புதிய வரித்திட்டம் சிறுதொழிலை முடக்கும் என்று அறிஞர் எழுதித் தந்த எச்சரிக்கையைத் தாம் மடித்து வைத்த நாளும் உடன் எழுந்தது.

அவர் முகம் மாறியது கண்ட கட்சிச் செயலர் இராமதாஸ், "ஐயா, வேணாங்க. தலைமைக்குத் தெரிஞ்சா இந்தத் தடவ சீட்டே கெடைக்காது" என்று காதில் கிசுகிசுத்தார்.

கலைவாணன் எழுதி வந்த தாளை மடித்தார். மேடைத் தமிழ் அகன்று குப்பத்துப் பேச்சு வந்தது. "புயல் வந்துச்சு, நெசந்தான். ஆனா புது வரி சின்னத் தொழில முடக்கிடும்னு எனக்கு முன்னாடியே எழுதிக் குடுத்தாங்க. படிச்சேன். பதவி போயிடுமோன்னு பயந்து அந்த வரிக்குக் கையெழுத்துப் போட்டேன். சுக்கான்ல என் கையும் இருந்துச்சு."

எவரும் கைதட்டவில்லை. இராமதாஸ் கைப்பேசியோடு ஊர்தியை நோக்கி விரைந்தார். ஆயம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு மணலில் அமர்ந்தாள். அவளைப் பார்த்து ஊரும் அமர்ந்தது.

"இப்பச் சொல்லுங்க தம்பி, காத்தப் பத்தி" என்றாள்.

மன்னித்தார்களோ என்று கேட்பீராயின், அன்பரே, இல்லை. செவிகொடுக்க அமர்ந்தார்கள், அவ்வளவே. குடிகள் அமர்ந்திருக்க, ஆள வந்தவர் தனியே நின்று விடை சொல்லிக்கொண்டிருந்தார்.