ஒப்பாரிக்கு ஆள் வேண்டும்

எஸ்தரின் மூவர் குழு எந்தப் பாணியில் வாசித்தாலும், அந்தப் பாட்டுக்கு உரியவர்கள் ஸ்டுடியோவுக்கு வந்துவிடுவார்கள். வால்ட்ஸ் வாசித்தபோது ஜோடி ஜோடியாக வந்து ஆடிவிட்டுப் போனார்கள். கெட்டிமேளத்தை ஜாஸோடு கலந்தபோது ஒரு கல்யாணக் கூட்டம் வந்து, பந்தி எங்கே என்று கேட்டு, முணுமுணுத்துக்கொண்டே திரும்பியது. ஆல்பம் போடுகிறவர்களுக்கு இதெல்லாம் சகஜம். சவுண்ட் இன்ஜினியர் கதிரேசன் வருகிறவர்கள் உட்கார ஒரு பாய் விரித்து வைத்திருந்தார்.

கடைசிப் பாட்டுக்கு எஸ்தர் ஒப்பாரியை எடுத்தாள். எழவு விழாத இடத்தில் ஒப்பாரி வைக்கக் கூடாது என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். பியானோவில் வைத்தால் கணக்கில் வராது என்று அவள் நினைத்துவிட்டாள். படித்த புத்தி.

பாதிப் பாட்டில் கதவு திறந்தது. தலைமயிரை அவிழ்த்துப் போட்ட பெண்கள் வந்தார்கள். பின்னால் நாலு பேர் பச்சை மூங்கில் பாடையோடு வந்தார்கள். டிரம்ஸ் வாசித்த மன்சூர் கையை நிறுத்தாமல் முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

"பொணம் எங்கம்மா?" என்றாள் மூத்தவள்.

"இங்க யாரும் சாகல," என்றாள் எஸ்தர்.

"வாசிக்கிறியே."

"நாங்க வேதக்காரங்க. எங்களுக்குப் பாடை கெடையாது, பெட்டிதான்."

"பெட்டிக்காரங்க வேற பாட்டுக்கு வருவாங்க."

எஸ்தர் நிறுத்தப் போனாள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கதிரேசன் பதறினார்.

"நிறுத்தாதீங்க மேடம். பாதியில விட்ட ஒப்பாரி வீட்டுக்கே வந்துரும்."

அவள் வாசித்தாள்.

பெரிய வயலின் போன்ற டபுள் பேஸை வாசித்தவன் அவள் தம்பி சாலமன். அவளுக்கென்று மிச்சமிருந்த ஒரே உறவு. யாரிடமும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவன். அவன் தன் பேஸைப் பாயில் கிடத்தினான்.

"ஆள் ஒசரம் இருக்கு, பாருங்க."

பெண்கள் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். வாத்தியத்தின் அடியில் ஒற்றைக் கால்தான் இருந்தது.

"கால் கட்டைவிரல் ரெண்டு வேணும் தம்பி. சேத்துக் கட்டணும்."

சாலமன் தன் கால்களைப் பார்த்தான்.

"டேய், வேணாம்டா!" என்றாள் எஸ்தர்.

"பாட்டு முடியற வரைக்கும்தான்க்கா. பாவம், எங்கிருந்தோ வந்திருக்காங்க."

ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் பாடையில் படுத்தான். விரல்களைச் சேர்த்துக் கட்டினார்கள். நெற்றியில் காசு வைத்தார்கள். அவன் கொஞ்ச நேரம் மரியாதையாக மேலே பார்த்துக்கொண்டிருந்தான். மூத்தவள் உள்ளங்கையால் அவன் கண்களை மூடினாள். கையை எடுத்த பிறகும் அவை மூடியே இருந்தன.

மாரடித்து அழத் தொடங்கினார்கள். பயம் ஏற ஏற எஸ்தருக்கு வாசிப்பு நன்றாக வந்தது. மாதக்கணக்காகத் தேடிக் கிடைக்காத ஸ்வரங்கள் தாமாக வந்து விழுந்தன. அது அவளை இன்னும் பயமுறுத்தியது.

பாடையைத் தூக்கினார்கள்.

"எறக்குங்க! அவன் உசுரோட இருக்கான்!"

மூத்தவள் திரும்பி அவளை நன்றாகப் பார்த்தாள். முந்தானையால் அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"உசுரோட இருக்கறவனுக்கா தாயி இப்பிடி வாசிச்ச?"

எஸ்தரின் விரல்கள் பியானோவை விட்டு எழவில்லை. சாலமனின் கால்கள் முதலில் வாசலைத் தாண்டின.

"நல்லா வந்திருக்கு மேடம்," என்றார் கதிரேசன். "அப்பிடியே வாசிச்சுக்கிட்டே போங்க."