லென்னின் உயரம்

"படத்துல இருக்கிற உங்க வீட்டுக்காரர் எவ்வளவு உயரம்?" என்று கடற்படைப் பெண் கேட்டாள்.

என்னைவிடச் சின்னவள். தொப்பியை எங்கள் சமையலறை மேசையில் வைத்துவிட்டு, சர்க்கரை இல்லாத தேநீரை முகம் சுளிக்காமல் குடித்துக்கொண்டிருந்தாள். போருக்கு முன் பிரான்ஸ் கடற்கரையில் எடுத்த விடுமுறைப் படங்கள் இருந்தால் அனுப்பும்படி வானொலியில் கேட்டிருந்தார்கள். தெருவே ஆல்பங்களைப் பிரித்தது. நான் ஒரே ஒரு படம் அனுப்பினேன். லென்னும் நானும் சேர்ந்து சிரிக்கும் படம் அது ஒன்றுதான். நகல் எடுத்துக்கொண்டு திருப்பித் தருவார்கள் என்று சொன்னார்கள். படத்தோடு ஆளும் வரும் என்று நினைக்கவில்லை.

"அஞ்சடி எட்டு," என்றாள் லென்னின் அம்மா, என் அத்தை, நான் வாய் திறப்பதற்குள். "அவங்கப்பனைவிட ஒசரம்."

லென் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பிரான்ஸுக்குப் போய்வரும் படகில் சமையல்காரன். பிறகு அதே படகு போருக்குப் போனது, அவனும் போனான். படகு மூழ்கி இரண்டு குளிர்காலங்கள் ஆகிவிட்டன. அத்தை இன்னும் அவன் சட்டைகளுக்கு இஸ்திரி போடுகிறாள். அவன் குள்ளம் என்று யாராவது சொன்னால் அவர்கள் வீட்டு வாசலை மிதிக்கமாட்டாள். எங்கள் கல்யாணத்தில் ஒருவர், "கொக்குக்கும் குருவிக்கும் ஜோடி" என்றார். அவரோடு இன்றுவரை பேச்சில்லை.

அந்தப் பெண் படத்தின் மேல் பூதக்கண்ணாடியை வைத்தாள். கண்ணாடி லென்னின் முகத்தில் நிற்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் இருந்த கடற்சுவரில் நின்றது. சுவரின் மேல்விளிம்பும் அவன் தோளும் ஒரே மட்டத்தில் இருந்தன.

"எதுக்குன்னு கேக்காதீங்க. ஆனா சரியா இருக்கணும்," என்றாள்.

கேட்கத் தேவையில்லை. நம் படைவீரர்கள் யாரோ அந்தச் சுவரில் ஏறப்போகிறார்கள்.

அந்த நாளின் வெயில் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கல்யாணமாகி நான்காம் நாள். படம் பிடிப்பவர் தயாராகிவிட்டார். லென் எலுமிச்சைச் சாறு விற்பவனிடம் ஓடிப்போய்க் காலிப் பெட்டியை வாங்கி வந்தான். "நீ முன்னால உக்காரு, எனிட். பாவாடைய நல்லா விரி," என்றான். பெட்டியின் மேல் ஏறிச் சுவரில் சாய்ந்தான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. படத்திலும் அந்தச் சிரிப்பு இருக்கிறது.

அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னால் அவனை நானே குள்ளமாக்கியது போலாகும். சொல்லாவிட்டால் அந்தச் சுவர் காகிதத்தில் ஒரு பெட்டி அளவு குறைந்தே இருக்கும்.

"பெட்டி மேல நிக்கிறான்," என்றேன். "என் பாவாடைக்குப் பின்னால."

பெட்டியின் உயரத்தைக் கைகளால் காட்டினேன். அந்தப் பெண் குறித்துக்கொண்டாள். அத்தை எழுந்து, கொதிக்காத கெட்டிலை அடுப்பிலிருந்து இறக்கினாள். எங்களுக்கு முதுகைக் காட்டியபடியே பேசினாள்.

"ஷூவுல தக்கை இருக்கும். அதையும் சேத்துக்க."

"என்ன தக்கை அத்தை?"

"கல்யாணத்துக்கு நான்தான் வெட்டிக் குடுத்தேன். உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னான்." பாதி விரல் கனத்தைக் காட்டினாள்.

அவன் ஷூவுக்கு அவனே பாலிஷ் போடுவான். என்னைத் தொடவிடமாட்டான். நல்ல கணவன் என்று பெருமைப்பட்டிருக்கிறேன்.

"வெறுங்காலோட எவ்வளவு இருப்பாரு?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. அவன் யாரையும் அளக்க விட்டதில்லை.

நான் ஷூவைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் நின்றேன். கண்ணை மூடிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வானொலிப் பாட்டுக்கு இதே இடத்தில் வெறுங்காலோடு ஆடுவோம். அவன் தலைமுடி என் மூக்கில் உரசும்.

"மூக்கு வரைக்கும்," என்றேன்.

அத்தை என் முன்னால் வந்து, உள்ளங்கையைக் கவிழ்த்து என் மூக்கு நுனிக்கு நேராக நீட்டினாள்.

"கொஞ்சம் கீழ, அத்தை."

"இவ்வளவுதானாடி?"

"இவ்வளவுதான்."

அந்தப் பெண் மண்டியிட்டு, தரையிலிருந்து அந்தக் கை வரை நாடாவைப் பிடித்தாள். எண்ணை வாய்விட்டுச் சொல்லாமல் எழுதிக்கொண்டாள். நாடாவைச் சுருட்டினாள், தொப்பியை எடுத்தாள். "முடிஞ்சுதும்மா," என்றாள்.

அத்தை கையை இறக்கவில்லை. அங்கேயே, அந்த உயரத்திலேயே, விரல்களை மெல்ல அசைத்தாள், வாரிய தலையைக் கலைப்பவள் போல.