மூணரைக் கட்டை

இருசப்பன் ராஜாங்கத்துக்குத் தர வேண்டிய பாக்கி நாற்பத்து மூவாயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய். பொண்டாட்டி கலையரசிக்குச் சேலத்தில் கர்ப்பப்பையை எடுத்தபோது வாங்கியது. ராஜாங்கம் கள்ளக்குறிச்சியில் ரேடியோ செட்டும் ஒரு மெல்லிசைக் குழுவும் வைத்திருந்தார். இருசப்பன் அவரிடம் பெட்டி தூக்குகிறவன். ஸ்பீக்கர் பெட்டிகளை வேனில் ஏற்றி, இறக்கி, ஒயர் இழுத்து, ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றினால் ஒரு கச்சேரிக்கு ஐநூறு. அதில் பாதி பாக்கிக்குப் போய்விடும். மீதியில் அரிசி வாங்குவதா, கலையரசிக்கு மாத்திரை வாங்குவதா என்று தினம் ஒரு பஞ்சாயத்து.

பாக்கியைவிட அவனுக்குப் பயம் பச்சையம்மாள்தான். அதே தெருக்காரி. அவிநாசிப் பக்கம் நூல் மில்லுக்குப் பெண்பிள்ளைகளைச் சேர்த்துவிடுகிறவள். பிள்ளையை அனுப்பினால் முன்பணம் கொடுப்பாள். மூணு வருசம் மில்லு விடுதியிலேயே கிடக்க வேண்டும். அவன் மகள் தேவிப்ரியா பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் பச்சையம்மாள், "பொண்ணு நல்லா வளந்துட்டாளே, எத்தினி நாளிக்கி வூட்ல வெச்சிக்கினு இருக்கப் போற?" என்பாள். சிரித்துக்கொண்டேதான் கேட்பாள்.

போன ஆடியில் குழுவில் லீட் கிடார் வாசித்த தமிழழகன் பாண்டிச்சேரிக் குழு ஒன்றுக்குப் போய்விட்டான். கிடார் ராஜாங்கத்துடையது, அது மட்டும் தங்கியது. பாட்டுக்கு நடுவே வரும் கிடார் வாசிப்புக்கு ஆள் இல்லை. கீபோர்டு வாசிக்கும் சரத்குமார் ரெண்டு கையாலும் எல்லாவற்றையும் சமாளித்துக்கொண்டிருந்தான்.

ஒருநாள் ஷெட்டில் பெட்டி துடைத்துக்கொண்டிருந்த இருசப்பன் அந்த கிடாரை எடுத்து, ஒரு பாட்டின் நடுவில் வரும் துண்டை ஒற்றைக் கம்பியில் தட்டுத் தடுமாறித் தடவிப் பார்த்தான். ஒன்பது வருசமாக மேடைக்குப் பின்னால் நின்று கேட்ட பாட்டு. ராஜாங்கம் வாசலில் நின்று கேட்டார்.

"ஏன்டா, இன்னா இது? உனக்கு இதெல்லாம் கேக்குதா?"

"சும்மா மொதலாளி."

"சும்மா இல்லடா. கத்துக்கோ. பெட்டிக் கூலி தனி, லீடுக்கு மேல ஆயிரத்தி இருநூறு தரேன். அத மொத்தமா பாக்கியில கழிச்சிக்கலாம். அடுத்த ஆடிக்குள்ள நீ யாருக்கும் கடன்காரன் இல்ல."

அன்றைக்கே கலையரசியிடம் சொன்னான். "பிளஸ் டூ முடிக்கறதுக்குள்ள பாக்கியை முடிச்சிட்டா, பாப்பாவ காலேஜுல சேத்துடலாம்."

"இந்த வயசுல கிடார் கத்துக்கப் போறியா?" என்றாள் அவள். ஆனால் வேண்டாமென்று சொல்லவில்லை.

சரத்குமாருக்கு இருபத்திநாலு வயசு. சொல்லிக்கொடுக்கப் பொறுமை இல்லாதவன், ஆனால் கெட்டவன் இல்லை. மதிய வேளையில் ஷெட்டில் சோற்றுக்குப் பிறகு அரைமணி நேரம் உட்காருவான்.

"ண்ணே, ஏண்ணே இப்படி அமுக்குற? உரமூட்டையா தூக்குற? தொட்டா போதும்ணே. அமுக்க அமுக்க சத்தம் மேல ஏறிக்கினு போவுது பாரு."

இருசப்பனின் விரல் நுனிகள் பெட்டி தூக்கியும், அதற்கு முன்னால் கரும்பு வெட்டியும் காய்த்துப் போனவை. புதிதாகக் கற்கிறவர்களுக்குக் கம்பி அறுத்து ரத்தம் வரும் என்றார்கள். அவனுக்கு வலிக்கவே இல்லை. வலிக்காததுதான் தொல்லை. எவ்வளவு அமுக்குகிறோம் என்று விரலுக்கே தெரியவில்லை. தொடாமல் தொடுவது எப்படி என்று கற்றுக்கொள்ளவே ரெண்டு மாசம் ஆனது. அப்புறம் பிக் என்கிற சின்ன வில்லையால் கம்பியைக் கீழே ஒரு தட்டு, மேலே ஒரு தட்டு என்று மாற்றி மாற்றித் தட்டினான். கம்பியை அமுக்கி மேலே தள்ளினால் சுரம் அழுவது போல ஏறும், அதைச் சரியான இடத்தில் நிறுத்த வேண்டும். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு விரலை எடுக்காமல் வழுக்கிப் போக வேண்டும். பொங்கலுக்குள் பத்துப் பாட்டின் துண்டுகள் கைக்கு வந்துவிட்டன.

"இப்ப கட்டை, அதான் சுருதி, கத்துக்கோ," என்றான் சரத். "பாடுறவங்க தொண்டையப் பொறுத்து ரெண்டு கட்டைம்பாங்க, ரெண்டரைம்பாங்க. நான் ஒரு பொத்தான அமுக்கினா கீபோர்டு தானா மாறிக்கும். உனக்கு அது கிடையாது, கையத்தான் நவுத்தணும். அரைக்கட்டை ஏத்தினா ஒரு ஃப்ரெட்டு தள்ளிப் போ. முழுக்கட்டைன்னா ரெண்டு. அவ்ளோதான்."

ஃப்ரெட்டு என்றால் கிடார் கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிக்கோடு. இருசப்பன் எண்ணிப் பார்த்தான். ஒண்ணு, ஒண்ணரை, ரெண்டு, ரெண்டரை. அவன் எழுத்தும் கணக்கும் முப்பது வயசுக்கு மேல் இரவுப் பாடத்தில் படித்தவன். அதனாலேயோ என்னவோ, நம்பராகச் சொன்னால் அவனுக்கு ஒரு தைரியம். காதில் கேட்டது ஏமாற்றலாம், எண்ணினது ஏமாற்றாது என்று நினைத்தான்.

பங்குனியில் வெள்ளிமலையில் திருவிழா. முதல்முறையாக அவன் மேடையில் முன்னால் நின்றான். பாடகி நிர்மலாவுக்கு அன்றைக்குத் தொண்டை நன்றாக இருந்தது. ரெண்டு கட்டைப் பாட்டை ரெண்டரைக்கு ஏற்றச் சொன்னாள். ஒரு ஃப்ரெட்டு தள்ளினான், கச்சிதமாக உட்கார்ந்தது. கீழே கூட்டத்தில், "டேய், நம்ம பொட்டி தூக்குறவன்டா!" என்று யாரோ கத்த, எல்லாரும் விசிலடித்தார்கள். மலைப்பாதையில் வேன் இறங்கும்போது ராஜாங்கம் பாக்கியில் ஆயிரத்தி இருநூறைக் கழித்ததாகச் சொன்னார். சித்திரையில் மேலும் சில கச்சேரிகள். பாக்கி இருபத்தொன்பதாயிரத்துச் சொச்சத்துக்கு வந்தது. தேவிப்ரியா பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கினாள். காலேஜில் இடமும் கிடைத்தது. வைகாசியில் முகூர்த்தம் நெருக்கம். இன்னும் இருபது, இருபத்தொரு கச்சேரி கிடைத்தால் போதும், ஆனிக்குள் முடிந்துவிடும்.

வைகாசியில் சின்னசேலத்து நாராயணசாமி வீட்டு வரவேற்பு. நெல்லும் கரும்பும் நிறைய வைத்திருக்கிற குடும்பம், மண்டபம் முழுக்கச் சொந்தக்காரர்கள். சாயங்காலம் மாப்பிள்ளையும் பெண்ணும் மேடையேறியதும் நாராயணசாமி மைக்கை வாங்கிக்கொண்டார்.

"எம் பொண்ணுக்கு நானே ஒரு பாட்டு பாடுறேன். வாசிங்கப்பா."

அவர் கேட்டது இருசப்பன் மூணு கட்டையில் பழகிய பாட்டு. கையை வைத்துக்கொண்டான். நாராயணசாமி ரெண்டு வரி பாடிவிட்டு, "கொஞ்சம் மேல எடுங்கப்பா, எனக்குச் சேரல," என்றார். சரத் பொத்தானை அமுக்கியபடி இருசப்பனைப் பார்த்து நாலு விரலைக் காட்டினான். "நாலு!"

மூணிலிருந்து நாலு என்றால் ஒரு முழுக்கட்டை. முழுக்கட்டைக்கு ரெண்டு ஃப்ரெட்டு. இருசப்பன் ரெண்டு தள்ளிக் கையை வைத்தான்.

பாட்டு நடுவில் கிடார் துண்டு வந்தது. முதல் சுரத்திலேயே வாயில் மண் விழுந்த மாதிரி இருந்தது. தப்பென்று காதுக்குத் தெரிந்தது. ஆனால் எண்ணிக்கை சரி. எண்ணியது சரியென்றால் கம்பி இறங்கியிருக்க வேண்டும். வாசித்துக்கொண்டே கம்பியை இறுக்கும் முறுக்காணியைத் திருகினான். இன்னும் மோசமானது. ட்ரம்ஸ்காரன் திரும்பிப் பார்த்தான். முன்வரிசையில் ஒரு பையன் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தான், அதைப் பார்த்து அந்த வரிசையே சிரித்தது. தாங்கள் சிரிப்பது கிடாரைப் பார்த்தா, நாராயணசாமியைப் பார்த்தா என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. நாராயணசாமி பாதியில் மைக்கைக் கீழே இறக்கினார்.

"ஏன்டா, எம் பொண்ணு கல்யாணத்துல என்னியே கிண்டல் பண்றியா?"

ராஜாங்கம் ஓடிவந்து கிடாரின் ஒயரைப் பிடுங்கினார். மீதிப் பாட்டுக்கெல்லாம் கிடார் துண்டையும் சரத்தே வாசித்தான். இருசப்பன் மேடைக்குப் பின்னால் ஒயர் சுற்றினான்.

வேனில் பெட்டி ஏற்றும்போது சரத் பக்கத்தில் வந்தான். "எவ்ளோ தள்ளினண்ணே?"

"ரெண்டு. மூணு, மூணரை, நாலு."

சரத் தலையில் கை வைத்துக்கொண்டான். "மூணரைன்னு ஒண்ணு கிடையாதுண்ணே. மூணுக்கு அடுத்த ஃப்ரெட்டே நாலுதான். ஏழுக்கும் ஒண்ணுக்கும் நடுவுலயும் அப்படித்தான். கீபோர்டுல பாத்ததில்லையா, அந்த ரெண்டு எடத்துல மட்டும் கறுப்புக் கட்டையே இருக்காது."

"ஏன் இருக்காது?"

"ஏன்னா... அது அப்படித்தான். சங்கீதம் அப்படி."

"நீ சொல்லலியே தம்பி."

சரத் குனிந்து ஒரு பெட்டிக்குக் கை கொடுத்தான். அவன் பெட்டி தூக்கியது அதுதான் முதல் தடவை.

நாராயணசாமி பேசிய பணத்தில் பாதியைத் தரவில்லை. அதோடு விடாமல், தெரிந்த மண்டபங்களில் எல்லாம் சொல்லி வைத்தார். வைகாசிக்கும் ஆனிக்கும் எடுத்த மற்ற கச்சேரிகள் எல்லாம் கைவிட்டுப் போயின.

"அந்த நஷ்டத்த உன் தலையில ஏத்தல," என்றார் ராஜாங்கம். "ஆனா எனக்கும் வேன் தவணை நிக்குது, பைனான்ஸ்காரன் வண்டிய தூக்கினு போய்டுவான். ஆனி முடியறதுக்குள்ள பாக்கிய குடுத்துடு. கிடார இனிமே தொடாத."

"இப்ப எனக்குத் தெரியும் மொதலாளி. இன்னொரு தபா..."

"உனக்குத் தெரியும்டா. ஊருக்கு இன்னா தெரியும்?"

காலேஜில் பணம் கட்டக் கடைசி நாள் வந்தது, போனது. அதற்கு மறுநாள் தேவிப்ரியாவே பச்சையம்மாள் வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தாள். "மூணு வருசம்தானேப்பா," என்றாள். கலையரசி சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.  வேண்டாமென்று சொல்ல இருசப்பனிடம் பணம் இல்லை.

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் சேலம் பஸ்ஸில் ஆறு பிள்ளைகளை ஏற்றினாள் பச்சையம்மாள். தேவிப்ரியா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். "அம்மாவுக்கு மாத்திரையை விட்டுடாதப்பா," என்றாள். பஸ் புறப்படும்வரை இருசப்பன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே இருந்தான். கண்டக்டர் கையைத் தட்டிவிட்டபோதுதான் விட்டான்.

அங்கிருந்து நேராக ஷெட்டுக்குப் போனான். பச்சையம்மாள் கொடுத்த கவரை ராஜாங்கத்திடம் நீட்டினான். ராஜாங்கம் எண்ணினார். எண்ணி முடித்ததும் அவன் முகத்தைப் பார்க்காமல் பாக்கி போக மீந்த ரெண்டு நூறு ரூபாய்த் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"சரியாப் போச்சு. உனக்கும் எனக்கும் கணக்கு முடிஞ்சிது."

"சரிங்க."

"நாளைக்கி உளுந்தூர்பேட்டையில ஒரு வளைகாப்பு. ரேடியோ செட்டு மட்டும். வந்துடு. இனிமே ஐநூறும் முழுசா உனக்குத்தான்."

இருசப்பன் தலையை ஆட்டிவிட்டு, வேனில் ஏற்ற வேண்டிய முதல் பெட்டிக்குக் குனிந்தான்.