குளிருக்குச் சாகாத செடி

கஜனி கனடாவில், தன் யூனியன்வில் வீட்டு முன்முற்றத்தில் கல்லடுக்கி, இடுக்குகளில் குளிர்மலைச் செடி வளர்த்தாள். தடித்த இலைகள் ரோசாப்பூப் போல அடுக்கடுக்காய் விரியும். பனிக்குள் மாதக்கணக்காய்ப் புதைந்து கிடந்தாலும் சாகாது. ஈரம் கூடினால் மட்டும் அழுகிவிடும்.

கஜனியின் மகளின் பிறந்தநாளுக்கு வந்த பேபி மச்சாள், கஜனியின் புருசனின் தமக்கை, அதில் ஆகப் பெரியதைச் சொல்லாமல் கொள்ளாமல் கிண்டி ஹாண்ட்பாக்குக்குள் போட்டுக்கொண்டு போனாள். அது காணாதென்று, கஜனிக்கு அந்தச் செடியைக் கொடுத்ததே தான்தான் என்று கோயிலில் நாலு பேரிடம் சொல்லியும் திரிந்தாள். அந்தக் கதை கஜனியின் காதுக்கும் வந்து சேர்ந்தது.

ஒக்ரோபரில் அதே மச்சாள் கூசாமல் போன் எடுத்தாள்.

"கஜனி, ஸ்னோ வரப்போகுது. உந்தச் செடியை உள்ளுக்கு எடுக்கோணுமோ?"

எங்கள் சனமெல்லாம் கறிவேப்பிலைக் கண்டைக் குளிருக்குப் பயந்து வீட்டுக்குள் தூக்கி வைக்கிற காலம். கஜனி தேன் ஒழுகச் சொன்னாள்.

"ஓம் மச்சாள், கறிவேப்பிலைக்குப் பக்கத்தில, ஹீற்றரடியில வையுங்கோ. ஒவ்வொரு நாளும் அரிசி கழுவின தண்ணி விடுங்கோ."

ஏப்ரலில் பேபி மச்சாள் வெறும் பூச்சாடியோடு வந்து நின்றாள்.

"பெத்த பிள்ளையைப் போலப் பாத்தனான். அழுகிப்போச்சு."

பனி கரைந்த கற்களுக்கிடையில் கஜனியின் செடிகள் சிவந்து, குஞ்சும் குருமனுமாய்ப் பெருகிக் கிடந்தன. அவள் குனிந்து ஒன்றைப் பிடுங்கிச் சாடிக்குள் வைத்தாள்.

"சத்துக் காணாமல் போச்சுது போல, மச்சாள். இந்தமுறை மீன் கழுவின தண்ணியும் விடுங்கோ."